ஹீட் சிங்க் போட்டேன், பம்ப் இன்னும் மெதுவானது

நேற்று இரவு ஒரு டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டர் என்ற இரண்டு கால்களுக்கு நடுவில் மீட்டர் 0.19 வோல்ட் காட்டியது. பம்ப் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். விரல் சுடவில்லை. இந்த 0.19ஐப் பார்க்க மூன்று வாரம், இரண்டு டிரான்சிஸ்டர், கருகிய ரெசிஸ்டர் ஒன்று, ஓரம் இளகிப்போன பிரெட்போர்டு (பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிளாஸ்டிக் பலகை) ஒன்று செலவானது. மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வேலை என்னவோ சின்னதுதான். தொட்டிச் செடிகளுக்கு நேரம் பார்த்துத் தண்ணீர் விட வேண்டும். 12 வோல்ட் டிசி பம்ப் ஒன்று, அதை இயக்க மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்று. போர்டின் பின் (கம்பி மாட்டும் கால்) 3.3 வோல்ட்தான் தரும், அதிலும் 10 மில்லிஆம்புக்கு மேல் நான் இழுப்பதில்லை. எனவே நடுவில் சுவிட்சாக ஒரு டிரான்சிஸ்டர்: பேஸ் என்ற காலில் சின்னக் கரண்ட் கொடுத்தால் கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய கரண்ட் ஓடும். பெட்டியில் டிப் 31சி கிடந்தது. 3 ஆம்ப் தாங்கும் என்று தயாரிப்பாளரின் டேட்டாஷீட் சொல்கிறது, பம்ப் ஒரு ஆம்ப் கூட எடுக்காது. இது போதும் என்று நினைத்தேன். பின்னிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக பேஸ், எமிட்டர் கிரவுண்டில், கலெக்டருக்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவில் பம்ப், பம்புக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு. எங்கு பார்த்தாலும் இதே படம்தான் இருக்கும். 1 கிலோ ஓம் என்ற மதிப்பும் அந்தப் படங்களில் இருந்து வந்ததுதான். ஏன் 1 கிலோ என்று நான் கேட்கவே இல்லை.

பம்பை நேராக 12 வோல்ட்டில் மாட்டியபோது ஒரு லிட்டர் பாட்டில் 40 வினாடியில் நிரம்பியது. 0.82 ஆம்ப் எடுத்தது. அதே பம்ப் டிரான்சிஸ்டர் வழியாக ஓடியபோது தண்ணீர் நூலாக வந்தது. பாட்டில் நிரம்ப 2 நிமிடம் 40 வினாடி.

இங்கேதான் முதல் தடவை ஏமாந்தேன். அப்படியே ஓட விட்டால் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. அடுத்த பாட்டில் 1 நிமிடம் 50 வினாடி. பம்ப் புதுசு, ஓட ஓட இளகுகிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். அப்போதுதான் பிளாஸ்டிக் வாடை வந்தது. டிரான்சிஸ்டர் சாய்ந்து அதன் உலோக முதுகு பிரெட்போர்டில் பட்டிருந்தது, பட்ட இடம் பள்ளமாக இளகியிருந்தது. தொட்டுப் பார்த்த ஆள்காட்டி விரலில் இரண்டு நாள் கொப்புளம்.

சுடுகிறதா, ஹீட் சிங்க் போடு. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், நானும் எனக்கு இதையே சொல்லிக்கொண்டேன். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து கழற்றிய அலுமினியத் துண்டு ஒன்றைத் திருகி மாட்டினேன். டிரான்சிஸ்டர் வெதுவெதுப்போடு நின்றது. ஆனால் தண்ணீர் பழையபடி நூலானது. எத்தனை நிமிடம் ஓட விட்டாலும் கூடவில்லை.

குளிரவைத்தால் பம்ப் மெதுவாகிறது, சுட விட்டால் வேகமாகிறது. இந்த ஒரு விஷயத்தை அங்கேயே நிறுத்தி யோசித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சம். சிலிக்கான் டிரான்சிஸ்டர் சூடேறினால் அதன் கரண்ட் பெருக்கம், அதாவது பேஸ் கரண்டைப் போல் எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடும் என்பது, கூடும். பெருக்கம் கூடியதும் பம்புக்கு கரண்ட் கூடுகிறது என்றால், பம்புக்கு எவ்வளவு ஓட வேண்டும் என்பதை டிரான்சிஸ்டரின் பெருக்கம்தான் முடிவு செய்கிறது என்று பொருள். சுவிட்சாக இருந்தால் அப்படி நடக்கவே கூடாது. சுவர் சுவிட்ச் சூடாக இருந்தால் ஃபேன் வேகமாகச் சுற்றுமா?

நான் யோசிக்கவில்லை. பெரிய டிரான்சிஸ்டர் தேடிப் போனேன். 2என்3055, சட்டை பட்டனை விடப் பெரிய உலோகத் தொப்பி போட்ட பழைய ஆள், 15 ஆம்ப் தாங்குவது. அதே 1 கிலோ ஓமோடு மாட்டினேன். பம்ப் அசையவே இல்லை. பம்பின் இரு முனையிலும் அரை வோல்ட்தான் இருந்தது. பெரிய டிரான்சிஸ்டருக்குப் பொதுவாகப் பெருக்கம் குறைவு, பேஸுக்குத் தீனியும் அதிகம் வேண்டும். கொடுத்தது அதே இரண்டரை மில்லிஆம்ப். 3 ஆம்ப் தாங்கும், 15 ஆம்ப் தாங்கும் என்பதெல்லாம் எவ்வளவு வரை சாகாது என்ற கணக்கு. அவ்வளவு ஓடவைக்கும் என்ற உறுதிமொழி இல்லை. இதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன்.

திருப்பம் தற்செயலாக வந்தது. 2என்3055ஐக் கழற்றிவிட்டு மறுபடி டிப் 31ஐ ஹீட் சிங்க்கோடு மாட்டும்போது, அலுமினியத் துண்டின் ஒரு விளிம்பு கிரவுண்டு ஒயரில் இடித்தது. பம்ப் திடீரென்று உறுமித் தண்ணீரைப் பீய்ச்சி மேசையெல்லாம் நனைத்தது. ஒரு நொடி, சரியாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். பிறகுதான் உறைத்தது. டிப் 31இன் உலோக முதுகு கலெக்டரோடு இணைந்தது. ஹீட் சிங்க் கிரவுண்டில் பட்டதும் கலெக்டர் நேராக கிரவுண்டுக்குப் போய்விட்டது, டிரான்சிஸ்டருக்கு வேலையே இல்லாமல் போனது. அதாவது டிரான்சிஸ்டர் வழிவிட்டு விலகினால் பம்ப் ஓடுகிறது, இருந்தால் மறிக்கிறது. எவ்வளவு மறிக்கிறது என்று அதுவரை நான் அளக்கவே இல்லை. பம்பின் கரண்டை அளந்தேன், பின்னின் வோல்டேஜை அளந்தேன், கலெக்டரை மட்டும் தொடவில்லை.

அளந்தேன். சப்ளை 12.0, பம்பில் 4.8, கலெக்டர் எமிட்டர் நடுவில் 7.2 வோல்ட். ஓடிய கரண்ட் 0.24 ஆம்ப். 7.2ஐ 0.24ஆல் பெருக்கினால் 1.7 வாட். டிப் 31க்கு ஹீட் சிங்க் இல்லாமல் ஒவ்வொரு வாட்டுக்கும் சுமார் 62 டிகிரி ஏறும் என்கிறது டேட்டாஷீட், ஆக 100 டிகிரிக்கு மேல் ஏற்றம். கொப்புளத்துக்குக் கணக்கு கிடைத்துவிட்டது. பேஸ் ரெசிஸ்டரின் குறுக்கே 2.55 வோல்ட், அதாவது 2.55 மில்லிஆம்ப். 240ஐ 2.55ஆல் வகுத்தால் 94. என் டிப் 31இன் பெருக்கம் அது. அவ்வளவுதான் தரும், அதற்கு மேல் பம்ப் கேட்டாலும் தராது.

சுவிட்ச் என்று நினைத்து நான் கட்டியிருந்தது ஒரு கரண்ட் கட்டுப்படுத்தி.

பம்பை ஓரம் வைத்துவிட்டு, டிரான்சிஸ்டரை மட்டும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை மதியம் ஆரம்பித்தேன். பிசி 547பி ஒன்று, 5 வோல்ட் சப்ளை, கலெக்டரில் 220 ஓம். டிரான்சிஸ்டர் முழுதாக வழிவிட்டாலும் 220 ஓம் வழியே 23 மில்லிஆம்புக்கு மேல் போகாது. பேஸுக்கு 470 கிலோ ஓம் வேரியபிள் ரெசிஸ்டர், அதோடு தொடராக ஒரு 1 கிலோ ஓம். அந்த 1 கிலோ அளப்பதற்காக: அதன் குறுக்கே எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மைக்ரோஆம்ப், மனக்கணக்கே வேண்டாம். 500 மைக்ரோஆம்புக்கு மேல் வேரியபிளை நம்பவில்லை. கடைசிச் சுற்றில் அது தாவும், நிற்காது. அங்கே நிலையான ரெசிஸ்டர்களைச் செருகினேன். நோட்டில் எழுதியது இது:

பேஸ் 10 மைக்ரோஆம்ப்: கலெக்டர் 2.9 மில்லிஆம்ப், கலெக்டர் எமிட்டர் வோல்டேஜ் 4.36
20 மைக்ரோஆம்ப்: 5.9 மில்லிஆம்ப், 3.70 வோல்ட்
40 மைக்ரோஆம்ப்: 11.8 மில்லிஆம்ப், 2.40 வோல்ட்
60 மைக்ரோஆம்ப்: 17.5 மில்லிஆம்ப், 1.15 வோல்ட்
80 மைக்ரோஆம்ப்: 21.5 மில்லிஆம்ப், 0.27 வோல்ட்
200 மைக்ரோஆம்ப்: 22.1 மில்லிஆம்ப், 0.13 வோல்ட்
1 மில்லிஆம்ப்: 22.4 மில்லிஆம்ப், 0.07 வோல்ட்
2.1 மில்லிஆம்ப்: 22.5 மில்லிஆம்ப், 0.06 வோல்ட்

முதல் நாலு வரியில் பேஸை இரட்டிப்பாக்கினால் கலெக்டரும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. எங்கே வகுத்தாலும் 290, 295 என்று நிற்கிறது. இதுதான் ஆக்டிவ். 80இல் தயங்குகிறது. அதற்குப் பிறகு பேஸில் பத்து மடங்கு, இருபத்தைந்து மடங்கு கொட்டினாலும் கலெக்டர் அசைய மறுக்கிறது. இதுதான் சாச்சுரேஷன். பாடப்புத்தகத்தில் அதற்குத் தெவிட்டு நிலை என்று போட்டிருப்பார்கள். மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய சொல். எவ்வளவு சரியான சொல் என்று அன்றுதான் உணர்ந்தேன். வயிறு நிறைந்தவன் இலையில் மேலும் மேலும் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் அந்தக் கடைசி மூன்று வரிகள்.

ஒரு அளவை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், எனக்கு மண்டையில் ஏறியது இதனால்தான். மீட்டரின் சிவப்பு முனையை பேஸிலும் கறுப்பு முனையை கலெக்டரிலும் வைத்துக்கொண்டு வேரியபிளைத் திருகினேன். 40 மைக்ரோஆம்பில் மைனஸ் 1.7 வோல்ட். பேஸை விட கலெக்டர் உயரத்தில் இருக்கிறது. திருகத் திருக மைனஸ் சுருங்கி, 60 தாண்டியதும் பூஜ்ஜியத்தைக் கடந்து பிளஸ் ஆனது. 200 மைக்ரோஆம்பில் பிளஸ் 0.59. டிரான்சிஸ்டருக்குள்ளேயே பேஸிலிருந்து எமிட்டருக்கு ஒரு டயோடு போல, கலெக்டருக்கு இன்னொன்று உண்டு; அந்த இன்னொன்று ஆக்டிவில் தலைகீழாக மூடிக்கிடந்தது, இப்போது திறந்துகொண்டது. அந்தக் குறி மாறும் இடம்தான் எல்லை. டிரான்சிஸ்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் இப்போதெல்லாம் நான் வேறெதையும் பார்ப்பதில்லை. என்பிஎன் டிரான்சிஸ்டரில் (இதுவரை சொன்ன எல்லாமே அந்த வகை) பேஸ் கலெக்டரை விட மேலே இருந்தால் சாச்சுரேஷன், கீழே இருந்தால் ஆக்டிவ். ஒரு மீட்டர், இரண்டு நொடி.

அடுத்ததாக, அதே பொட்டலத்திலிருந்து இன்னும் இரண்டு பிசி 547ஐ எடுத்து அதே இடத்தில் செருகினேன். பேஸ் 60 மைக்ரோஆம்பில் வேரியபிளைத் தொடாமல் வைத்திருந்தேன். முதல் டிரான்சிஸ்டர் 1.15 வோல்ட், இரண்டாவது 1.79, மூன்றாவது 0.73. ஒரே பெயர், ஒரே பொட்டலம், மூன்று குணம். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பி ரகத்துக்கே பெருக்கம் 200லிருந்து 450 வரை இருக்கலாம் என்று டேட்டாஷீட் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. பிறகு பேஸை 2.1 மில்லிஆம்ப் ஆக்கினேன். 0.06, 0.06, 0.06.

மூன்று டிரான்சிஸ்டருக்கும் வித்தியாசம் மறைந்துபோனது. ஆக்டிவில் எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்வது டிரான்சிஸ்டர், அதனால் அதன் குணம் தெரிகிறது. சாச்சுரேஷனில் சொல்வது 220 ஓம் ரெசிஸ்டர். டிரான்சிஸ்டர் வாயை மூடிக்கொள்கிறது. சுவிட்சாக வேண்டும் என்றால் பெருக்கத்தை வைத்துக் கணக்கு போடுவதே தப்பு. நமக்கு வேண்டியது அதன் பெருக்கம் எதுவாக இருந்தாலும் கவலைப்படாத அளவுக்கு பேஸைத் திகட்டவைப்பது.

எவ்வளவு திகட்ட வேண்டும்? டேட்டாஷீட்டிலேயே ஒளிந்திருக்கிறது. சாச்சுரேஷன் வோல்டேஜ் என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் எந்த நிலையில் அளந்தார்கள் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பிசி 547க்கு கலெக்டர் 10 மில்லிஆம்ப், பேஸ் 0.5 மில்லிஆம்ப். பத்துக்கு அரை, அதாவது இருபதில் ஒரு பங்கு. டிப் 31க்கு கலெக்டர் 3 ஆம்ப், பேஸ் 375 மில்லிஆம்ப். எட்டில் ஒரு பங்கு! பெருக்கம் 94 என்று அளந்து வைத்திருக்கும் ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு கொடுக்கச் சொல்கிறார்கள். முன்பு இந்த வரியை நான் பார்த்ததுண்டு, ஏதோ சோதனைக்கூட விவகாரம் என்று கடந்துவிட்டேன். அந்தச் சிறிய எழுத்துதான் செய்முறைக் குறிப்பு.

மாஸ்ஃபெட் (பேஸ் கரண்டுக்குப் பதில் வோல்டேஜால் திறக்கும் இன்னொரு வகை டிரான்சிஸ்டர்) பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே சாச்சுரேஷன் என்ற சொல்லுக்கு நேர் எதிர்ப் பொருள். மாஸ்ஃபெட்டின் சாச்சுரேஷன், பைபோலாரின் (நான் இங்கே பேசும் வகையின்) ஆக்டிவுக்குச் சமம். யார் இப்படிப் பெயர் வைத்தார்களோ, புண்ணியவான்கள். இரண்டையும் மாறிமாறிப் படித்து ஒரு ராத்திரி முழுக்கக் குழம்பினேன்.

இனி பம்புக்குத் திரும்பலாம். எட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 0.82 ஆம்புக்கு 82 மில்லிஆம்ப். என் பின் தருவது 10. இங்கேதான் எல்லோரும் டார்லிங்டன் பக்கம் ஒதுங்குவார்கள், நானும் ஒதுங்கினேன். டிப் 122, உள்ளேயே இரண்டு டிரான்சிஸ்டர், பெருக்கம் குறைந்தது 1000. பின்னிலிருந்து 470 ஓம், பேஸுக்கு 4 மில்லிஆம்ப். பம்ப் உடனே சீறியது, பாட்டில் 43 வினாடி. வேலை முடிந்தது என்று மூடியிருக்கலாம். ஆனால் கலெக்டர் எமிட்டர் நடுவில் 0.86 வோல்ட் நின்றது. பேஸ் ரெசிஸ்டரை 330 ஆக்கினேன், 0.85. அதற்குக் கீழே போக மாட்டேன் என்கிறது. காரணம் உள்ளமைப்பில் இருக்கிறது. முதல் டிரான்சிஸ்டர் எவ்வளவு திகட்டினாலும், கலெக்டரிலிருந்து கரண்டை எடுத்து இரண்டாவதின் பேஸுக்கு ஊட்டுவது அதுதான். இரண்டாவதின் பேஸுக்கு 0.7 வோல்ட்டாவது வேண்டும். எனவே பொது கலெக்டர் அந்த 0.7க்குக் கீழே இறங்க வழியில்லை. கடைசி டிரான்சிஸ்டர் ஒருபோதும் தெவிட்டுவதில்லை, எப்போதும் ஆக்டிவின் வாசற்படியிலேயே நிற்கிறது. 0.86ஐ 0.81 ஆம்பால் பெருக்கினால் 0.7 வாட், 40 டிகிரிக்கு மேல் சூடு. ஆபத்தில்லை. ஆனால் எனக்கு இப்போது பிடிவாதம் வந்துவிட்டிருந்தது.

நடுவில் பம்பை எமிட்டர் பக்கம் மாற்றி, கலெக்டரை 12 வோல்ட்டில் கட்டியும் பார்த்தேன். பேஸில் 3.3 என்றால் எமிட்டரில் 2.6 தான், பம்ப் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கதையை அத்தோடு விட்டுவிடுகிறேன்.

கடைசியாக நின்ற சர்க்யூட் இது. டிப் 31 பழைய இடத்திலேயே. அதன் பேஸுக்குக் கரண்ட் பின்னிலிருந்து வராது, 5 வோல்ட் லைனிலிருந்து வரும்: 5 வோல்ட், பிசி 327 என்ற பிஎன்பி (என்பிஎன்னுக்கு நேர் எதிர் வகை, பேஸைக் கீழே இழுத்தால் திறக்கும்), 47 ஓம், டிப் 31 பேஸ். பிசி 327ஐத் திறக்க அதன் பேஸிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஒரு பிசி 547 கீழே இழுக்கிறது. அந்த 547இன் பேஸுக்கு பின்னிலிருந்து 4.7 கிலோ ஓம். பின் உயர்ந்தால் பம்ப் ஓடும், தலைகீழாகாது. கணக்கை இம்முறை பின்னாலிருந்து முன்னால் போட்டேன். டிப் 31 பேஸுக்கு 5இலிருந்து அந்த பேஸின் 0.9ஐயும் பிசி 327இன் 0.2ஐயும் கழித்து 47ஆல் வகுத்தால் 83 மில்லிஆம்ப். அதை ஓட்ட பிசி 327க்கு இருபதில் ஒரு பங்கு, 4 மில்லிஆம்ப். அதை இழுக்க 547க்கு 0.2 போதும், நான் அரை மில்லிஆம்ப் கொடுக்கிறேன். பின் எடுப்பது அந்த அரைதான். மூன்று டிரான்சிஸ்டரும் திகட்டிப்போய் நிற்கின்றன.

முதல் ஓட்டத்தில் 47 ஓம் ரெசிஸ்டர் பழுப்பாகி வாடை வந்தது. கால் வாட் ரெசிஸ்டர் போட்டிருந்தேன், அதில் எரிவது 0.32 வாட். டிரான்சிஸ்டரின் வெப்பத்தையே மூன்று வாரம் துரத்தியதில் ரெசிஸ்டருக்குக் கணக்கு போட மறந்தேன். இப்போது அரை வாட் இருக்கிறது, அதுவும் தொட்டால் சுடுகிறது. அடுத்த முறை ஒரு வாட்.

பாட்டில் 41 வினாடி. கலெக்டர் எமிட்டர் 0.19 வோல்ட். பேஸ் 0.88இல், கலெக்டர் அதற்கு ரொம்பக் கீழே. குறி பிளஸ். டிரான்சிஸ்டரில் எரிவது பேஸ் கணக்கையும் சேர்த்துக் கால் வாட்டுக்குள்.

இதோடு நிறுத்தாமல் பம்பின் வேகத்தைக் குறைக்க பிடபிள்யூஎம் (வேகவேகமாகப் போட்டு அணைத்து, போட்டிருக்கும் நேரத்தின் பங்கை மாற்றுவது) போட்டேன். கீச்சென்ற சத்தம் காதில் விழக்கூடாது என்று 20 கிலோஹெர்ட்ஸ். 10 சதவீதம் என்று கொடுத்தால் பம்ப் 30 சதவீதம் போல ஓடியது. வோல்டேஜ் மாறுவதைக் கோடாக வரைந்து காட்டும் சின்ன ஆசிலோஸ்கோப் ஒன்றை வைத்துப் பார்த்தால், பின் அணைந்த பிறகும் கலெக்டர் சுமார் 9 மைக்ரோவினாடி கீழேயே கிடந்து, பிறகுதான் எழுகிறது. முழுச் சுற்றே 50 மைக்ரோவினாடி, அதில் நான் கேட்டது 5. திகட்டவைத்ததற்கு விலை இது. பேஸில் திணித்த மின்னூட்டம் வெளியே போனால்தான் டிரான்சிஸ்டர் மூடும், பிசி 327 மூடிக்கொண்டதும் அது வெளியே போக வழியே வைக்கவில்லை நான். டிப் 31இன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் 100 ஓம் போட்டதும் 9 என்பது 3 ஆனது. பேஸ் கரண்டில் 9 மில்லிஆம்ப் அந்த வழியே போய்விடுகிறது, 74 மிச்சம். பதினொன்றில் ஒரு பங்கு, பரவாயில்லை.

இதற்கு நேர்த்தியான மருந்து ஒன்றும் உண்டு. பேஸிலிருந்து கலெக்டருக்கு ஒரு ஷாட்கி டயோடு (சாதாரண டயோடை விடக் குறைந்த வோல்டேஜில் திறப்பது) போட்டால், கலெக்டர் ரொம்பக் கீழே இறங்கும்போது மிச்ச பேஸ் கரண்ட் டயோடு வழியே ஒழுகிவிடும், டிரான்சிஸ்டர் தெவிட்டலின் விளிம்பிலேயே நிற்கும். 74எஸ் வகை லாஜிக் ஐசிகளுக்குள்ளே இதே ஏற்பாடுதான். இதன் மூதாதை சாதாரண டயோடுகளில் செய்தது, 1956இல் அதைப் பற்றி எழுதிய ரிச்சர்ட் பேக்கர் பெயரால் பேக்கர் கிளாம்ப் என்பார்கள். பிசி 547இல் போட்டுப் பார்த்தேன், அணையும் தாமதம் கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் கலெக்டர் 0.06க்குப் பதில் 0.4இல் நின்றது. பம்புக்கு எனக்கு 0.19 பிடித்திருந்தது. எனவே பிடபிள்யூஎம்மை 200 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டேன், 5000 மைக்ரோவினாடிச் சுற்றில் 3 போனால் யாருக்குத் தெரியும். லேசாக முனகுகிறது, முனகட்டும்.

ஆசிலோஸ்கோப் கையில் இருந்ததால் இன்னொன்றும் தெரிந்தது. பம்ப் கிளம்பும் அந்த முதல் 30 மில்லிவினாடி, கலெக்டர் 0.19இல் இல்லை. 2 வோல்ட் பக்கத்தில் ஒரு மேடு போல நின்றுவிட்டுப் பிறகு இறங்குகிறது. மோட்டார் சுருளின் தடை 4.2 ஓம். சுற்றாமல் நிற்கும்போது அது 2.8 ஆம்ப் கேட்கும், 74 மில்லிஆம்ப் பேஸால் அவ்வளவு தர முடியவில்லை. ஆக அந்த 30 மில்லிவினாடிக்கு என் டிரான்சிஸ்டர் ஆக்டிவில் இருக்கிறது. பேஸ் கரண்ட் மாறவில்லை, டிரான்சிஸ்டர் மாறவில்லை, லோடு, அதாவது பம்ப், கேட்பது மட்டும் மாறியது. சாச்சுரேஷன் என்பது டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் ஒரு நிலை என்றே நான் எண்ணியிருந்தேன். அது பேஸ் கொடுப்பதற்கும் லோடு கேட்பதற்கும் நடுவில் உள்ள கணக்கு.

30 மில்லிவினாடி பொறுக்கலாம். தூசியோ வேர்த்துண்டோ மாட்டிக்கொண்டு பம்ப் நின்றுபோனால்? ஒரு குச்சியைச் செருகி இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சுழல் விசிறியை) நிறுத்திப் பார்த்தேன். 2.3 ஆம்ப், கலெக்டரில் 2.2 வோல்ட், 5 வாட். அவசரமாக அணைத்துவிட்டு 1.1 ஆம்ப் பாலிஃபியூஸ் (கரண்ட் மிஞ்சினால் சூடாகித் தடை ஏறுவது) ஒன்றை பம்புக்குத் தொடராகப் போட்டேன். மறுபடி குச்சி. ஃபியூஸ் சூடாகி விட்டுக்கொடுக்க 20 வினாடிக்கு மேல் எடுத்தது. அதுவரை அந்த 5 வாட்டும் டிரான்சிஸ்டர் தலையில்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் (பின் தரும் சின்ன வோல்டேஜிலேயே திறப்பது) ஒன்று போட்டிருந்தால் ஒரே ரெசிஸ்டரோடு முடிந்திருக்குமே என்று கேட்பீர்கள். ஆமாம், முடிந்திருக்கும். இரண்டாவது பம்புக்கு அதுதான் போடப்போகிறேன். 83 மில்லிஆம்பை பேஸில் கொட்டிக்கொண்டிருப்பது பேட்டரியில் ஓட்டுவதற்கு ஒத்துவராது. ஆனால் மாஸ்ஃபெட்டில் ஆரம்பித்திருந்தால் கலெக்டரில் மீட்டர் வைக்கும் பழக்கம் எனக்கு வந்திருக்காது. இப்போது எந்த போர்டைப் பழுது பார்க்க எடுத்தாலும் ரிலே ஓட்டும் சின்ன டிரான்சிஸ்டரில் முதலில் அதைத்தான் வைக்கிறேன். போன வாரம் ஒரு பழைய போர்டில் ரிலே நடுங்கியது, கலெக்டரில் 3.1 வோல்ட் இருந்தது. பேஸ் ரெசிஸ்டர் முதுமையில் மதிப்பு ஏறிப்போயிருந்தது. ஐந்து நிமிட வேலை.

பம்ப் பெட்டியை மூடியாகிவிட்டது. அந்த அலுமினியத் துண்டு டிப் 31இன் முதுகிலேயே இருக்கிறது. சாதாரண ஓட்டத்துக்கு அது தேவையே இல்லை, அந்த 20 வினாடிக்காக விட்டுவைத்திருக்கிறேன். கிரவுண்டு ஒயரை மட்டும் பெட்டியின் மறுபக்கம் தள்ளிக் கட்டிவிட்டேன்.